கல்யாண போட்டோவுக்கு சொந்தமா லைட்ரூம் ப்ரீசெட் செய்யறது எப்படி: புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்துன்னு போய் போட்டோ எடுத்துட்டு வந்தா கார்டுல ஆயிரக்கணக்குல ஃபைல் இருக்கும், அத்தனையையும் ஒவ்வொண்ணா திறந்து வெளிச்சம், கலர், நிழல்னு முதல்ல இருந்து திருத்திட்டு உக்காந்தா ஆல்பம் குடுக்கறேன்னு சொன்ன தேதி தாண்டிடும். அதுக்குத்தான் ப்ரீசெட். ஒரு போட்டோல நீங்க யோசிச்சு நகர்த்தின ஸ்லைடரையெல்லாம் ஒரு பேர் வச்சு சேவ் பண்ணிட்டு, அடுத்த போட்டோவுக்கு ஒரே கிளிக்ல கொண்டு வர்றது, அவ்ளோதான். ஆனா எதை சேவ் பண்றோம், எதை வெளிய விடறோம்ங்கறதுலதான் சூட்சுமமே இருக்கு, புதுசா வர்றவங்க நிறைய பேர் சிக்கிக்கறதும் அங்கதான்.

இங்க லைட்ரூமை, அதாவது அடோப் கம்பெனியோட போட்டோ எடிட் பண்ற சாஃப்ட்வேரை, வச்சுத்தான் சொல்லப் போறேன், கம்ப்யூட்டர்ல லைட்ரூம் கிளாசிக், போன்ல லைட்ரூம் மொபைல். உதாரணத்துக்கு கல்யாண மண்டபத்தையே எடுத்துக்கலாம், ஏன்னா ஒரு ப்ரீசெட்டுக்கு அதைவிட கஷ்டமான பரீட்சை கிடையாது. வீடியோக்காரரோட லைட்டு ஒரு கலர், மேடை டெக்கரேஷன் எல்ஈடி ஊதா கலர், மேல தொங்கற பல்பு மஞ்சள், நம்ம ஃபிளாஷ் வெள்ளை, இது நாலும் ஒரே முகத்துல விழும். அந்த முகத்துக்குப் பக்கத்துலயே அரக்கு பட்டு, ஜரிகை, மஞ்சள் கயிறு, மல்லிப்பூ, பின்னாடி வாழை மரம். இதுல தாக்குப் பிடிக்கற ப்ரீசெட் வேற எங்கயும் தாக்குப் பிடிக்கும்.

டவுன்லோட் பண்ண ப்ரீசெட் ஏன் நமக்கு ஒத்து வர்றதில்ல

பிரவுன் டோன், மூடி, டீல் ஆரஞ்ச்னு தேடினா ப்ரீசெட் கொட்டிக் கிடக்கு, ஃப்ரீயாவும் கிடைக்கும் காசுக்கும் கிடைக்கும். அவங்க காட்டற சாம்பிள் போட்டோல அட்டகாசமா இருக்கும், நம்ம போட்டோல போட்டா முகம் சாம்பல் பூசின மாதிரியோ செங்கல் கலர்லயோ வந்து நிக்கும், உடனே நம்ம கேமரா சரியில்லைன்னு நினைச்சுக்குவோம். கேமராவுல ஒண்ணும் குறை இல்ல. வேற ஒருத்தருக்கு அளவெடுத்து தைச்ச சட்டைய நாம போட்டுப் பாக்கறோம், அதான் விஷயம். சாதாரண ப்ரீசெட் உங்க போட்டோல என்ன இருக்குன்னு பாக்கறதே இல்ல, இந்த ஸ்லைடரை இந்த நம்பர்ல வைன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். செஞ்சவரு ஒரு இருட்டான போட்டோல எக்ஸ்போஷரை, அதாவது மொத்த வெளிச்சத்தை, +1 ஏத்தி சேவ் பண்ணியிருந்தா உங்க வெளிச்சமான போட்டோலயும் அதே +1 வந்து உக்காரும், மல்லிப்பூ எல்லாம் வெறும் வெள்ளைத் திட்டா போயிடும்.

அதனால நான் சொல்றது என்னன்னா, நம்ம ஊரு வெளிச்சத்துல நம்ம ஆளுங்களை வச்சு எடுத்த போட்டோல இருந்து நீங்களே ஒண்ணு செய்யுங்க. ஒரு சாயங்காலம் உக்காந்தா போதும்.

உள்ள என்ன இருக்கு

ப்ரீசெட்ங்கறது ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். 2018 ஏப்ரல் வரைக்கும் லைட்ரூம் ப்ரீசெட் எல்ஆர்டெம்ப்ளேட்னு ஒரு ஃபார்மேட்ல இருந்துச்சு, அதுக்கப்புறம் எக்ஸ்எம்பிக்கு மாறிடுச்சு, போட்டோஷாப்ல இருக்கற கேமரா ராவும் இதே ஃபைலைத்தான் படிக்குது. அதை நோட்பேட்ல திறந்து பாருங்க, ஒண்ணும் ஆகாது. ஹைலைட்ஸ் இவ்ளோ, ஷேடோஸ் இவ்ளோன்னு வரிவரியா நம்பர் இருக்கும், எக்ஸ்போஷர், ஹைலைட்ஸ் மாதிரி சில பேருக்குப் பின்னாடி 2012ன்னு ஒட்டியிருக்கும், அது அந்த வருஷம் வந்த ப்ராசஸ் வெர்ஷனோட அடையாளம், குழம்ப வேண்டாம். அடுத்தவங்க செஞ்ச ப்ரீசெட் எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

இங்க ஒரு விஷயத்தை நல்லா மனசுல ஏத்திக்கோங்க. ப்ரீசெட் சேவ் பண்ணும்போது ஒவ்வொரு செட்டிங்குக்கும், சில இடத்துல ஒரு பகுதிக்கே மொத்தமா, ஒரு டிக் பாக்ஸ் வரும். டிக் பண்ணாத செட்டிங் அந்த ஃபைலுக்குள்ளயே இருக்காது, அதனால போட்டோல ஏற்கனவே நீங்க வச்சிருக்கற அளவை அது தொடாது. டிக் பண்ணிட்டா, அதோட நம்பர் பூஜ்யமா இருந்தாலும் அது ஒரு கட்டளைதான், நீங்க முன்னாடி மெனக்கெட்டு வச்சதை பூஜ்யத்துக்கு இழுத்துட்டு வந்துடும். ப்ரீசெட் போட்டதும் நான் பண்ண திருத்தமெல்லாம் காணாம போச்சேன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான்.

ஒரிஜினல் ஃபைலுக்கு எந்த ஆபத்தும் இல்ல. லைட்ரூம் எல்லா மாத்தத்தையும் தனியா குறிப்பாத்தான் எழுதி வைக்கும், ரீசெட் குடுத்தா பழையபடி ஆயிடும், தைரியமா தட்டிப் பாருங்க.

எதை உள்ள வைக்கணும், எதை வெளிய விடணும்

கணக்கு ரொம்ப சிம்பிள். போட்டோவுக்கு போட்டோ மாறற எதுவும் ப்ரீசெட்டுக்குள்ள போகக்கூடாது, உங்க ரசனை சம்பந்தப்பட்டது மட்டும் போகணும்.

எக்ஸ்போஷர் வெளிய. வொயிட் பேலன்ஸ், அதாவது எந்த லைட்டா இருந்தாலும் வெள்ளையை வெள்ளையா காட்டற திருத்தம், அதுவும் வெளிய. கிராப், சாய்வு திருத்தறது, முகத்துல புள்ளி எடுக்கற ஹீலிங், பிரஷ்ஷால வரைஞ்ச மாஸ்க், இதெல்லாம் அந்த ஒரு போட்டோவுக்கு மட்டும் சொந்தம்.

வொயிட் பேலன்ஸ் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். ராவுல, அதாவது கேமரா கலரை முடிவு பண்ணாம அப்படியே குடுக்கற அசல் ஃபார்மேட்ல, எடுத்த ஃபைல்ல டெம்பரேச்சர் 2000ல இருந்து 50000 வரைக்கும் கெல்வின் கணக்குல இருக்கும், பல்பு வெளிச்சம்னா 3000 பக்கம், வெயில்னா 5500 பக்கம். ஜேபிஜில அந்த கெல்வின் கிடையாது, -100ல இருந்து +100 வரைக்கும் ஒரு ஸ்லைடர்தான், ஏற்கனவே கேமரா முடிவு பண்ணினதுல இருந்து கூட்டு குறைன்னு அர்த்தம். இது ரெண்டும் வேற வேற கணக்கு, அதனால ராவுல செஞ்ச வொயிட் பேலன்ஸை ஜேபிஜில போட்டா நினைச்ச கலர் வராது. ரெண்டுமே ராவா இருந்தாக்கூட மண்டபத்துக்குள்ள பல்பு வெளிச்சத்துல வச்ச 3200 வெளிய வெயில்ல நிக்கற பொண்ணு மாப்பிள்ளைக்குப் போனா ஆளே நீலமா தெரிவாங்க.

ப்ரொஃபைல்னு ஒண்ணு இருக்கு, ஸ்லைடரைத் தொடறதுக்கு முன்னாடியே கலரை எப்படிக் காட்டணும்னு சொல்றது, அடோப் கலர், அடோப் போர்ட்ரெய்ட், அடோப் லேண்ட்ஸ்கேப்னு. அது ராவுக்குத்தான், ஜேபிஜிக்கு அதெல்லாம் போகாது. நீங்க எப்பவும் ராவுலயே எடுக்கறீங்கன்னா ப்ரொஃபைலை உள்ள வச்சுக்கலாம், முகங்களுக்கு அடோப் போர்ட்ரெய்ட் சாஃப்ட்டா இருக்கும். ராவும் ஜேபிஜியும் கலந்து எடுக்கறவங்க ப்ரொஃபைல் இல்லாம ஒண்ணு தனியா செஞ்சுக்கோங்க. லென்ஸ் கரெக்‌ஷன் ஆன் பண்றதை உள்ள வைக்கலாம், எந்த லென்ஸ்னு அதுவே ஃபைல்ல இருந்து படிச்சு எடுத்துக்கும்.

ஆட்டோ செட்டிங்ஸ்னு ஒரு டிக் பாக்ஸும் இருக்கும், ஒவ்வொரு போட்டோவுக்கும் அதுவே வெளிச்சத்தைக் கணக்குப் போடும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா தாலி கட்டற நேரத்துல வரிசையா எடுத்த பத்துப் பதினைஞ்சு ஃப்ரேம்ல ஒவ்வொண்ணும் ஒரு வெளிச்சத்துல வந்து நிக்கும், ஆல்பத்துல பக்கத்துல பக்கத்துல வச்சா கண்ணை உறுத்தும். வேண்டாம்.

வாங்க, ஒண்ணு செய்வோம்

முதல்ல உக்கார்ற இடத்தை சரி பண்ணுங்க. ஸ்க்ரீன்ல நைட் மோட், கண்ணுக்கு இதமா மஞ்சளா காட்டற ஃபில்டர், போன்ல விவிட் மோட், எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா ஸ்க்ரீனோட கலரைத்தான் நீங்க திருத்திட்டு இருப்பீங்க.

அடுத்து அடிப்படை போட்டோ ஒண்ணு எடுங்க. ரொம்ப அழகா வந்த போட்டோவைத்தான் கை தேடும், அது வேண்டாம், வழக்கமா வர்ற மாதிரி ஒண்ணு எடுங்க. மேடையில ரெண்டு மூணு பேர் நிக்கணும், பட்டுப்புடவை இருக்கணும், வெள்ளை வேட்டி இருக்கணும், கறுப்பு முடி தெரியணும். அதுல முதல்ல எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் சரி பண்ணிடுங்க. இது ரெண்டும் ப்ரீசெட்டுக்குள்ள போகப் போறதில்ல, ஆனா இது சரியில்லாம மத்த கலரைத் தொட்டா எல்லாமே கோணலா போகும். வொயிட் பேலன்ஸுக்கு ஐட்ராப்பரை எடுத்து மாப்பிள்ளை வேட்டியில கிளிக் பண்றது நிறைய பேர் பழக்கம், அதுல கவனமா இருங்க. சொட்டு நீலம் போட்டுத் துவைச்ச வேட்டியில லேசா நீலம் இருக்கும், அதுல கிளிக் பண்ணா போட்டோ மஞ்சளா திரும்பும், பட்டு வேட்டி சந்தனக் கலர் அடிக்கும், அதுல கிளிக் பண்ணா போட்டோ நீலமா திரும்பும். ஒரு கிரே கார்டு, அதாவது எந்தக் கலரும் கலக்காத சாம்பல் அட்டை, வாங்கி பையில வச்சுக்கிட்டு மேடை லைட்டுல ஒரு தடவை காட்டி எடுத்துட்டா இந்தத் தொல்லையே இல்ல.

இப்ப ஸ்லைடர். நான் குடுக்கற நம்பர் ஒரு ஆரம்பம்தான், உங்க கேமராவுக்குத் தகுந்த மாதிரி முன்ன பின்ன நகர்த்திக்கோங்க.

ஹைலைட்ஸ் -40, மல்லிப்பூவும் வேட்டி மடிப்பும் திரும்பி வரும். ஷேடோஸ் +20, அதுக்கு மேல போகாதீங்க. வொயிட்ஸ் +5, பிளாக்ஸ் -10. கிளாரிட்டி +5 போதும், அதை ஏத்தினா வயசானவங்க முகத்துல சுருக்கமெல்லாம் வெட்டிக் காட்டும், தாத்தா பாட்டி மனசு கஷ்டப்படும். வைப்ரன்ஸ் +10, சாச்சுரேஷன் -5. இது ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரிஞ்சாலும் வேற, சாச்சுரேஷன் எல்லா கலரையும் ஒரே மாதிரி ஏத்தும், வைப்ரன்ஸ் மங்கலா இருக்கற கலரை அதிகமா ஏத்திட்டு தோல் கலரை கொஞ்சம் விட்டுப் பிடிக்கும், அதனால ஆளுங்க இருக்கற போட்டோவுக்கு வைப்ரன்ஸ்தான் நல்லது.

அப்புறம் கலர் மிக்ஸர். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, ஆக்வா, நீலம், ஊதா, மெஜந்தான்னு எட்டு கலர், ஒவ்வொண்ணுக்கும் ஹ்யூ (கலரோட சாயல்), சாச்சுரேஷன் (கலரோட அடர்த்தி), லூமினன்ஸ் (கலரோட வெளிச்சம்)னு மூணு ஸ்லைடர். போன்ல இது கலர் பட்டனுக்குள்ள மிக்ஸ்னு இருக்கும்.

சிவப்புல சாச்சுரேஷன் -10. அரக்கு, குங்குமச் சிவப்புப் பட்டெல்லாம் கேமராவுல சிவப்பு சேனல் நிரம்பி வழிஞ்சுடும், புடவையில நெசவும் மடிப்பும் தெரியாம ஒரே சிவப்பா அப்பியிருக்கும், கொஞ்சம் இறக்கினா நூல் தெரிய ஆரம்பிக்கும். மஞ்சள்ல சாச்சுரேஷன் -8, ஜரிகையும் நகையும் தங்கமா இருக்கணும், எலுமிச்சை மாதிரி ஆகக்கூடாது. பச்சையில சாச்சுரேஷன் -10, லூமினன்ஸ் -10, வாழை இலையும் மாவிலைத் தோரணமும் கண்ணைப் பறிக்காம பின்னாடி நிக்கும். ஊதாவுலயும் நீலத்துலயும் சாச்சுரேஷன் -25, இது டெக்கரேஷன் எல்ஈடிக்காக, கன்னத்து ஓரத்துல ஒட்டற ஊதா இதுலதான் அடங்கும். ஆனா பொண்ணு கட்டியிருக்கறதே ஊதாப் புடவையா இருந்தா இதைப் போடாதீங்க, அதனாலதான் எல்ஈடிக்கு மட்டும் ஒரு குட்டி ப்ரீசெட்டா தனியா வச்சுக்கச் சொல்வேன்.

முகம்

இது தனியாவே பேச வேண்டிய விஷயம்.

நம்ம தோல் கலர் பெரும்பாலும் ஆரஞ்சு சேனல்ல இருக்கு, சிவப்புலயும் மஞ்சள்லயும் கொஞ்சம் கொஞ்சம். விக்கற ப்ரீசெட் பலதுல ஆரஞ்சு லூமினன்ஸை +30, +40ன்னு ஏத்தி, ஆரஞ்சு சாச்சுரேஷனை இறக்கி வச்சிருப்பாங்க, ஏன்னா ஆளை வெளுப்பா காட்டினா நல்லா விக்கும். அதை நம்ம முகத்துல போட்டா என்ன ஆகும்னு பெருசு பண்ணி பாருங்க. கன்னம் வெளுக்கும், உதடும் குங்குமமும் சிவப்பு சேனல்ல இருக்கறதால வெளுக்காம அப்படியே நிக்கும், கழுத்து நிழல்ல இருக்கறதால வேற கலர்ல தெரியும், முகம் ஒட்ட வச்ச மாதிரி ஆயிடும். தங்க நகையும் ஆரஞ்சு பக்கம்தான் வரும், அதுவும் சேந்து வெளுத்து பித்தளை மாதிரி ஆகும். மரக்கதவு, செங்கல் சுவர், சந்தனம் எல்லாம் கூடவே போகும்.

டெக்னிக்கலா மட்டும் நான் இதை எதிர்க்கல. மாநிறமா, கறுப்பா இருக்கற பொண்ணை அவ கல்யாண ஆல்பத்துல வேற ஒருத்தியா மாத்திக் குடுக்க நமக்கு உரிமை இல்ல. அவளோட நிறம் அழகா, ஆழமா, உயிரோட தெரியற மாதிரி வெளிச்சம் குடுக்கறதுதான் நம்ம வேலை. வீட்டுக்காரங்களே கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பின்னு கேப்பாங்க, அப்ப எக்ஸ்போஷரை லேசா ஏத்தி, முகம் பளிச்சுன்னு இருக்கற மாதிரி காட்டுங்க, அதுலயே சந்தோஷப்படுவாங்க. ப்ரீசெட்ல ஆரஞ்சு லூமினன்ஸை பூஜ்யத்துலயே விடுங்க. ஆரஞ்சு சாச்சுரேஷன் வேணும்னா -5, அதுவும் மஞ்சள் பல்பு அதிகமா இருக்கற மண்டபத்துக்கு.

இன்னொண்ணு, ஃபேட் லுக், மேட் லுக்னு ஒரு ஸ்டைல் ஓடுது, டோன் கர்வ்ல, அதாவது இருட்டுல இருந்து வெளிச்சம் வரைக்கும் காட்டற கோட்டுல, இடது கீழ் முனையை மேல தூக்கி கறுப்பையெல்லாம் சாம்பல் ஆக்கறது. வெளுத்த தலைமுடி, வெளுத்த தோல் இருக்கற போட்டோல அது மெல்லிசா அழகா இருக்கலாம். எண்ணெய் வச்சு சீவின நம்ம கறுப்பு முடியில போட்டா முடி நரைச்ச மாதிரி ஆகும். கறுத்த தோலோட டோன் அந்தக் கர்வோட கீழ்ப் பாதியிலதான் உக்காந்திருக்கும், அந்த இடத்தையே தூக்கிட்டா முகத்துல சாம்பல் படியத்தான் செய்யும். அதனால கர்வ்ல கீழ் முனையைத் தொடாம நடுவுல மட்டும் லேசா ஒரு எஸ் வளைவு போடுங்க.

டீல் ஆரஞ்சும் அப்படித்தான். 2020 அக்டோபர்ல ஸ்ப்ளிட் டோனிங்குக்கு பதிலா கலர் கிரேடிங்னு மூணு சக்கரம் வந்துச்சு, ஷேடோஸ் சக்கரத்தை நீலப்பச்சைக்கு தள்ளினா சினிமா மாதிரி இருக்கும்னு எல்லாரும் தள்ளுவாங்க, கறுத்த முகத்துல அந்த நீலப்பச்சை நேரா கன்னத்துல இறங்கும். கலர் கிரேடிங் வேணும்னு ஆசையா இருந்தா ஹைலைட்ஸ்ல மட்டும் லேசா சூடு குடுங்க, சாச்சுரேஷன் 5 தாண்டாம.

கேலிப்ரேஷன்னு கீழ ஒரு பகுதி இருக்கும், முதல் ப்ரீசெட்ல அதைத் தொடாதீங்க, அது மொத்த கலர் அஸ்திவாரத்தையே நகர்த்தும்.

சேவ் பண்றது

கிளாசிக்ல டெவலப் மாட்யூலுக்குப் போங்க, இடது பக்கம் ப்ரீசெட்ஸ்னு பேனல் இருக்கும், அதுல பிளஸ் குறியை அமுக்கி கிரியேட் ப்ரீசெட். பெரிய டிக் பாக்ஸ் லிஸ்ட் ஒண்ணு வரும். முதல் வேலையா செக் நன் அமுக்கி எல்லா டிக்கையும் எடுத்துடுங்க, அப்புறம் நீங்க உண்மையிலேயே மாத்தினதை மட்டும் ஒவ்வொண்ணா டிக் பண்ணுங்க. ப்ராசஸ் வெர்ஷன் டிக் இருக்கட்டும். மேல பேர் போடுங்க, குரூப் புதுசா ஒண்ணு உண்டாக்குங்க. வேலை முடிஞ்சதும் அந்த ஃபைலை நோட்பேட்ல திறந்து எக்ஸ்போஷர், டெம்பரேச்சர்னு எங்கயாவது இருக்கான்னு தேடிப் பாருங்க, இருந்தா தப்பா டிக் ஆகியிருக்குன்னு அர்த்தம். ஃபைல் எங்க இருக்குன்னு ப்ரிஃபரன்சஸ்ல ப்ரீசெட்ஸ் டேப்ல ஷோ பட்டன் அமுக்கினா ஃபோல்டரே திறந்துடும்.

போன்ல போட்டோவை எடிட்ல திறந்து, மேல மூணு புள்ளியைத் தொட்டு கிரியேட் ப்ரீசெட், பேர், குரூப், டிக், ஓகே. திரும்ப எடுக்க கீழ ப்ரீசெட்ஸ், அதுல யுவர்ஸ். போன்ல ஃப்ரீயா யூஸ் பண்றவங்களுக்கு ராவ் ஃபைல் எடிட், மாஸ்க் மாதிரி சிலது கிடைக்காது, ஆனா மேல சொன்ன லைட், கலர் விஷயங்களுக்கு அது தடை இல்ல.

ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கிளாசிக்ல செஞ்ச ப்ரீசெட் போனுக்கு தானா போகாது. கிளவுட்ல ஓடற இன்னொரு லைட்ரூம் கம்ப்யூட்டருக்கு இருக்கு, கிளாசிக் இல்லாதது, அதுல இம்போர்ட் பண்ணினா அதே அக்கவுண்ட்ல இருக்கற போனுக்கு வந்துடும். இல்லன்னா எக்ஸ்எம்பி ஃபைலை போனுக்கே அனுப்பி யுவர்ஸ்ல மூணு புள்ளியைத் தொட்டு இம்போர்ட் ப்ரீசெட்ஸ் குடுங்க, ஜிப்பா இருந்தாலும் எடுத்துக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டாக்குமெண்ட்டா அனுப்புங்க.

பேர் வைக்கறதுல கொஞ்சம் யோசிங்க. அழகு 1, அழகு 2ன்னு வச்சா ஆறு மாசம் கழிச்சு எது எதுன்னு தெரியாது. லிஸ்ட் எழுத்து வரிசையிலதான் நிக்கும், அதனால முன்னாடி நம்பர் போட்டு 01 மண்டபம் பேஸ், 02 ஊதா எல்ஈடி குறைப்பு, 03 சிவப்புப் பட்டு, 04 வெளிப்புறம் வெயில்னு வச்சா பாத்ததும் புரியும். இப்படி துண்டு துண்டா செய்யறதுல பெரிய லாபம் இருக்கு: ஒவ்வொண்ணும் வேற வேற ஸ்லைடரை மட்டும் தொட்டா ஒண்ணு மேல ஒண்ணா போடலாம், ஒண்ணு இன்னொண்ணை அழிக்காது. மேல குடுத்த நம்பர்ல சிவப்பும் ஊதாவும் நீலமும் பேஸ்ல இல்லாம தனித்தனி ப்ரீசெட்ல போகணும், அப்பத்தான் இது வேலை செய்யும். ஆனா கலர் மிக்ஸர் முழுக்க ஒரே டிக்லதான் வரும், அதனால அந்தக் குட்டி ப்ரீசெட் ஃபைலை நோட்பேட்ல திறந்து மத்த கலரோட வரிகளை எடுத்துடுங்க, இல்லன்னா பேஸ்ல வச்ச மஞ்சளும் பச்சையும் பூஜ்யமாயிடும்.

பரீட்சை

சேவ் பண்ணின போட்டோல நல்லா இருக்கறது ஒரு கணக்கே இல்ல, அதுல இருந்துதானே செஞ்சோம். வேற வேற போட்டோ எடுத்து வச்சு ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க: நல்ல கறுப்பா ஒருத்தர், மாநிறமா ஒருத்தர், சிவப்பா ஒருத்தர், மத்தியான வெயில், சாயங்கால ரிசப்ஷன், ஹோமப் புகை, சிவப்புப் பட்டு மட்டும் நிறைஞ்ச ஒரு ஃப்ரேம், வெறும் சாப்பாட்டுப் பந்தி. கிளாசிக்ல கன்ட்ரோலோட ஒற்றை மேற்கோள் கீயை அமுக்கினா விர்ச்சுவல் காப்பி, அதாவது ஃபைலை நகல் எடுக்காம அதே போட்டோவுக்கு இன்னொரு எடிட், வரும், அதுல சோதனை பண்ணுங்க. ஜே கீயை அமுக்கினா வெள்ளை வெடிச்ச இடம் சிவப்பாவும் கறுப்பு அடைச்ச இடம் நீலமாவும் காட்டும். வேட்டியெல்லாம் சிவப்பா ஒளிர்ந்தா வொயிட்ஸ் அதிகம்.

எல்லா போட்டோவும் ஒரே பக்கமா கோணலா போனா ப்ரீசெட்ல தப்பு, நம்பரை மாத்தி ப்ரீசெட் மேல ரைட் கிளிக் பண்ணி அப்டேட் வித் கரண்ட் செட்டிங்ஸ் குடுங்க. ஒண்ணு ரெண்டு மட்டும் கோணலா போனா அந்த போட்டோவோட வெளிச்சத்தைப் பாருங்க.

2022 ஜூன்ல இருந்து ப்ரீசெட்டுக்கு அமௌன்ட்னு ஒரு ஸ்லைடர் வந்திருக்கு, 0ல இருந்து 200 வரைக்கும். ப்ரீசெட் போட்டுட்டு அதை 70க்கு இறக்கிப் பாருங்க, பெரும்பாலான போட்டோவுக்கு அதுதான் நல்லா இருக்கும். கொஞ்ச நேரம் வேற வேலை பாத்துட்டு திரும்ப வந்து பாத்தா அதிகமா போட்டிருக்கறது உடனே கண்ணுல படும்.

ஆயிரம் போட்டோவுக்கு போடறது

முதல்ல போட்டோவை வெளிச்சம் வாரியா பிரிங்க. மேடை, வாசல், சாப்பாட்டுக் கூடம், ரிசப்ஷன். ஒவ்வொரு பிரிவுலயும் ஒரு போட்டோவை எடுத்து வொயிட் பேலன்ஸும் எக்ஸ்போஷரும் சரி பண்ணி, அதை அந்தப் பிரிவு முழுக்க சிங்க் பண்ணுங்க, அப்புறம் ப்ரீசெட். லைப்ரரி கிரிட்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி வலது பக்கம் குயிக் டெவலப்ல சேவ்டு ப்ரீசெட் எடுத்தா அத்தனைக்கும் போகும். டெவலப்ல இருந்துக்கிட்டு பல போட்டோ செலக்ட் பண்ணி ப்ரீசெட் அமுக்கினா ஆட்டோ சிங்க் ஆன்ல இருந்தாத்தான் எல்லாத்துக்கும் போகும், இல்லன்னா முன்னாடி இருக்கற ஒண்ணுக்கு மட்டும்தான், இது தெரியாம ப்ரீசெட் வேலை செய்யலன்னு நிறைய பேர் திணறுவாங்க.

ஃபிளாஷ் ஒரு ஃப்ரேம்ல அடிச்சு ஒரு ஃப்ரேம்ல அடிக்காம போயிருக்கும், அதையெல்லாம் கண்ணால பாத்து கையாலதான் சரி பண்ணணும். கேமராவுல ஷட்டர், ஐஎஸ்ஓ மாறினதால வெளிச்சம் ஏறி இறங்கியிருந்தா செட்டிங்ஸ் மெனுவுல மேட்ச் டோட்டல் எக்ஸ்போஷர்ஸ் இருக்கு, அது நல்லா சமன் பண்ணும்.

இரைச்சல் குறைக்கறதை, அதாவது நாய்ஸ் ரிடக்‌ஷனை, ஒரே நம்பரா வைக்காதீங்க. ஐஎஸ்ஓ 400க்கும் 6400க்கும் ஒரே அளவு போட்டா ஒண்ணு பிளாஸ்டிக் மாதிரி ஆகும், இன்னொண்ணுல மணல் அப்படியே இருக்கும். குறைஞ்ச ஐஎஸ்ஓ போட்டோ ஒண்ணு, அதிக ஐஎஸ்ஓ போட்டோ ஒண்ணு எடுத்து ரெண்டுலயும் தனித்தனியா சரி பண்ணி, ரெண்டையும் சேத்து செலக்ட் பண்ணி கிரியேட் ப்ரீசெட் குடுத்தா ஐஎஸ்ஓ அடாப்டிவ்னு ஒரு டிக் வரும், அதைப் போட்டா நடுவுல வர்ற ஐஎஸ்ஓவுக்கெல்லாம் அதுவே அளவு பாத்துக்கும்.

மத்தவங்க ப்ரீசெட்டை எடுக்கும்போது

எடுக்கக் கூடாதுன்னு இல்ல, கத்துக்க நல்லது. எக்ஸ்எம்பியா குடுப்பாங்க, இல்ல டிஎன்ஜி ஃபைலா, அதாவது அந்த செட்டிங்கெல்லாம் ஒட்டின ஒரு போட்டோ ஃபைலா, குடுப்பாங்க, டிஎன்ஜியை போன்ல திறந்து அதுல இருந்து கிரியேட் ப்ரீசெட் குடுத்து எடுத்துக்கலாம், அப்பவும் எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் டிக் எடுத்துட்டு சேவ் பண்ணுங்க, பாதிப் பிரச்சனை அங்கயே போயிடும். மிச்சப் பாதி ஆரஞ்சு லூமினன்ஸ், அதை பூஜ்யம் பண்ணி அப்டேட் பண்ணிக்கோங்க. ஆனா லைட்ரூம் மோட் ஏபிகேன்னு, யாரோ ஆப்பை மாத்தி வெளிய விட்டு, சுத்தற ஃபைலை மட்டும் போன்ல ஏத்தாதீங்க, அதுக்குள்ள யாரு என்ன வச்சிருக்காங்கன்னு சொல்ல முடியாது, அதே போன்லதான் உங்க பேங்க் ஆப்பும் இருக்கு.

காசு கட்ட முடியாதவங்களுக்கு வழி இருக்கு. போன்ல ஸ்னாப்சீட்ல எடிட் பண்ணிட்டு அதை லுக்ஸ்ல சேவ் பண்ணிக்கலாம். கம்ப்யூட்டர்ல டார்க்டேபிள் முழுக்க இலவசம், ராவ் ஃபைலும் திறக்கும், அதுல இதுக்கு ஸ்டைல்ஸ்னு பேர், ஸ்டைல் உண்டாக்கும்போது எந்த மாட்யூல் வேணும்னு டிக் கேக்கும், மேல சொன்ன அதே கணக்குதான். ராதெரபியும் இருக்கு, அதுல ப்ராசஸிங் ப்ரொஃபைல்னு சொல்வாங்க. லைட்ரூம் ப்ரீசெட்டை இதுல எதுலயும் நேரா போட்டு அதே கலரை எதிர்பாக்க முடியாது, நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஒவ்வொரு சாஃப்ட்வேரும் கணக்கு போடற விதம் வேற, கண்ணால பாத்து புதுசாத்தான் செய்யணும்.

கடைசியா, குரூப் மேல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்போர்ட் பண்ணி கூகுள் டிரைவ்லயோ பென் டிரைவ்லயோ ஒரு காப்பி வச்சிடுங்க, விண்டோஸ் திரும்ப போடும்போது முதல்ல காணாம போறது இந்த ஃபோல்டர்தான். கேமரா மாத்தினீங்கன்னா பழைய ப்ரீசெட்டை அப்படியே நம்பாம அந்தப் பரீட்சை போட்டோக்களை புது கேமராவுல எடுத்து இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க, சிவப்புலயும் ஆரஞ்சுலயும்தான் வித்தியாசம் முதல்ல தெரியும்.